பின்சீட்டு

அந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் பின்சீட்டில் ஒரு பையை வைப்பதே பெரும்பாடு. அதில் இரண்டு குழந்தை சீட்டுகளைப் பொருத்த மெக்கானிக் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

"முடியலைன்னா விட்டுடுங்கண்ணே," என்றான் காரின் சொந்தக்காரன், நகத்தைக் கடித்தபடி.

"என்ன தம்பி இப்படிச் சொல்றீங்க? உங்க வீட்டம்மா போன்ல எவ்வளவு ஆசையாக் கேட்டாங்க! பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற சுகமே தனி."

முன்சீட்டை நகர்த்தினார். பெல்ட்டை முழங்காலால் அழுத்தி இழுத்தார். 'டக்'. இரண்டு சீட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தன. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஒரு படம் பிடித்தார்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"போன்ல பேசினது எங்க அக்காண்ணே. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. அவ பசங்களைத் தினம் ஸ்கூல்ல விடச் சொல்றான்னுதான், பெரிய காரை வித்துட்டு இதை வாங்கினேன்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கழட்டிட்டு, பொருந்தலைன்னு சொல்லிடுங்க."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"இப்பத்தான் தம்பி, போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பினேன். பதிலும் வந்துடுச்சு."

"என்னவாம்?"

"முன்சீட்டு சும்மாதானே கிடக்கு, எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் ஒண்ணு மாட்ட முடியுமான்னு கேக்கறாங்க."