பாப்பாவுக்கு ஒரு பேட்

“எது கனமோ அதையே குடும்மா. பாப்பா ஓங்கி அடிக்கணும்.”

கடைக்குள் வந்ததும் வராததுமாகப் பெரியவர் தம்புசாமி கேட்டபோது மாதவிக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவின் கிள்ளான் நகரில் அவள் விளையாட்டுச் சாமான் கடை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. பேத்திக்கு வாங்க வருகிற தாத்தாக்கள் எல்லாருக்கும் கனமாக இருந்தால்தான் உசத்தி.

“முதல்ல என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க அங்கிள். சாஃப்ட்பால்தானே?”

“ஆமாம்மா. பந்து தாண்டிப் போன பெறகுதான் பாப்பாவோட பேட் வருது. மூணு மேட்ச்சா ஒண்ணுகூடப் படல. சனிக்கிழமை சுபாங் ஜெயாவுல ஃபைனல். அதுலயும் கோட்டை விட்டா டீம்லேர்ந்து எடுத்துடுவேன்னு கேப்டன் சொல்லிட்டா. வயசுக்கு ஏத்த ஆட்டமா பாருன்னு வேற சொல்லியிருக்கா.”

“மூஞ்சிக்கு நேராவா?”

“பாப்பா வயசுல அந்த டீம்ல யாருமே இல்லம்மா, அதான் இளக்காரம். ரெண்டு நாளா சரியா சாப்பிடல. போன மாசம்தான் முன்பல்லு ரெண்டு விழுந்துச்சு, அந்தக் கவலை வேற.”

“அந்த வயசுல விழத்தானே செய்யும் அங்கிள்.”

“அதைத்தான் நானும் சொன்னேன். கேட்டாத்தானே.”

மாதவிக்கு அந்த முகம் தெரியாத கேப்டன் மீது கோபம் கோபமாக வந்தது. பயிற்சி பேட்டுகளில் மூன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதுதான் கனமானது. இதைச் சுத்திச் சுத்திப் பழகினா உடம்பு மெதுவா சுத்தத்தான் கத்துக்கும். ஏற்கனவே லேட்டா வர்ற கைக்கு ஆகாது. இந்தக் குட்டை பேட்டை ஒத்தக் கையால பிடிக்கணும். நல்லதுதான், ஆனா பலன் தெரிய மாசக்கணக்காகும். நமக்கு இருக்கிறது நாலே நாள்.”

மூன்றாவதை அவர் கையில் கொடுத்தாள். பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

“தொடப்பக் கம்பு மாதிரி இருக்குலா.”

“பேஸ்பால்காரங்க பழகுறது அங்கிள். இவ்ளோ ஒல்லியான பேட்ல பந்து படணும்னா, கண்ணு கடைசி வரைக்கும் பந்தை விடக்கூடாது. கண்ணு விடலன்னா கை தானா முந்திக்கும். பாப்பா என்ன உயரம்?”

அவர் தன் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

“கூட்டிட்டே வந்திருக்கலாமே.”

“மத்தியானம் தூங்கலன்னா சாயந்தரம் ஒரே நச்சரிப்பும்மா.”

நீளம் குறைந்ததாகப் பார்த்து மாதவி கட்டிக் கொடுத்தாள். “தினம் நூறு பந்து போடுங்க. அழுதாலும் விடாதீங்க.”

“அழறதாவது. என்னையத்தான் அழ வைக்கும்.”

சனிக்கிழமை அவளுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரமே பூட்டிவிட்டு சுபாங் ஜெயாவுக்குக் காரை விட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. இரண்டு அணியும் சமம். மூன்றாவது தளத்தில் ஒருத்தி ஓடத் தயாராக நின்றாள். அவள் வந்து சேர்ந்தால் கோப்பை.

மைதானம் நிறைய வாட்டசாட்டமான பெண்கள். நடுவே, பெரிய ஹெல்மெட்டுக்குள் முகம் புதைந்து, பேட்டோடு ஒரு குட்டி உருவம். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்புசாமியின் பக்கத்தில் மாதவியும் போய் நின்றுகொண்டாள்.

முதல் பந்து. படவில்லை. இரண்டாவது உரசிக்கொண்டு வெளியே போனது.

“உரசுது பாருங்க அங்கிள். கை லேட்டா வரல,” என்றாள் மாதவி.

பெரியவர் வேலிக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

மூன்றாவது பந்து. டங்கென்ற சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. பந்து தடுப்பவர்களின் தலைக்கு மேலே பறந்து புல்லில் விழுந்தது. மூன்றாவது தளத்தில் நின்றவள் ஓடி வந்துவிட்டாள். குட்டி உருவமும் விழுந்தடித்து ஓடி முதல் தளத்தை மிதித்தது. அணி மொத்தமும் பாய்ந்து வந்தது. அந்தக் கேப்டனே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

“பாப்பா, பாப்பா” என்று மைதானமே அதிர்ந்தது. மாதவியும் கத்தினாள். கண்ணீர் நிற்கவில்லை.

தோளில் இருந்தபடியே பாப்பா ஹெல்மெட்டைக் கழற்றியது. அவிழ்ந்த கொண்டை முழுக்கப் பஞ்சாக வெளுத்திருந்தது.

“அங்கிள்... பாப்பான்னீங்க?”

“எங்க கடைசித் தங்கச்சிம்மா,” என்றார் தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அடுத்த மாசம் அறுபத்து மூணு முடியுது, எங்களுக்கு இன்னும் வேற பேரு வாயில வர மாட்டேங்குது.”