நான்காவது பிளேடு

"சுவிட்ச் ஆஃபா?" என்று கேட்டேன். "ஆஃப்" என்றார் அண்ணன். நம்பாமல் விமானத்தின் இறக்கைமேல் ஏறி, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஆஃப்தான். அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும்.

போன வியாழக்கிழமையும் இதே கேள்வி, இதே பதில். நம்பிப் போய் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் இழுத்தேன். எஞ்சின் ஓர் இருமல் இருமியது. பிளேடு என் வலது சட்டைக் கையின் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போனது. அரை அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் மணிக்கட்டு போயிருக்கும்.

சுவிட்ச் ஆனில் இருந்தது.

அதையாவது மன்னித்திருப்பேன். "சுவிட்ச்லதான் ஏதோ கோளாறு பாப்பா, கழட்டிப் பாரு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. இரண்டு நாள் உட்கார்ந்து கடைசி ஒயர்வரை பிரித்துப் பார்த்தேன். கோளாறு சுவிட்சில் இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தப் பழைய ராணுவப் பயிற்சி விமானத்தின் எஞ்சினை நான் கழற்றி மாட்டுகிறேன், அண்ணன் ஓட்டுகிறார். பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னும் நான் பாப்பாதான்.

ஆறு மாதமாகவே அவர் சரியில்லை. ஒருநாள் பெட்ரோல் குழாயைத் திறக்காமல் ஓடுபாதைவரை போய் நின்றார். ஒருநாள் சக்கரத்தை இறக்க மறந்து, நான் ரேடியோவில் தொண்டை கிழியக் கத்திய பிறகு இறக்கினார். டாக்டரிடம் போகலாம் என்றால் சிரிப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சிரிப்பு.

விமானக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், லைசென்ஸ் போய்விடும். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் கிழித்தேன். அந்தக் கோபம் என்மேல்.

இன்று விமானக் கண்காட்சி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம். பின்னிருக்கையில் போவதற்கு அவர் மகள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்பாவோடு ஒரு தடவையாவது பறக்க வேண்டும் என்று லீவு போட்டு வந்திருக்கிறாள். இன்றைக்கு வேண்டாம் என்று காலையிலேயே அண்ணனிடம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் புரொப்பெல்லருக்கு முன்னால் போனேன்.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். சும்மா நிற்கிற நாட்களில் எண்ணெய் கசிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கும். அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கிற தண்டு வளையும். வளைந்தது அப்போது தெரியாது. மேலே போன பிறகுதான் உடையும். அதனால் முதலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, ஒன்பது பிளேடு கடந்து போகும்வரை எண்ணுவோம். நடுவில் கல்லாக நின்றுவிட்டால் எண்ணெய் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது பிளேடில் நின்றேன்.

தோளைக் கொடுத்தேன். பல்லைக் கடித்தேன். கூட்டத்தில் எவனோ கைதட்டினான்.

"பூட்டிக்கிச்சுண்ணே."

"அப்ப பின்னாடி சுத்தி விடு, சரியாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் சுற்றினால் எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்டார்ட் ஆனதும் திரும்ப உள்ளே பாயும். இந்த வேலையில் இருக்கிற யாரும் தூக்கத்தில்கூடச் சொல்லாத வார்த்தை அது. அப்படிச் சுற்றிய ஒருவனை ஹேங்கரை விட்டே துரத்தியவர் இதே அண்ணன்.

ஸ்டூலை எட்டி உதைத்து ஓரம் தள்ளினேன். எஞ்சினுக்கு அடியில் தட்டை வைத்து, எண்ணெய் பிடிக்கப் பழைய செய்தித்தாளை அதில் விரித்தேன். அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஸ்பேனரைக் கீழே வைத்த சத்தம் கூட்டம்வரை கேட்டிருக்கும்.

அண்ணன் எரிச்சலோடு இறங்கி வந்தார். குனிந்து ஒரு பிளக்கை எடுத்து, அதன் முனையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. நான் நிறுத்தாமல் சுற்றியிருந்தால் ஒன்பது பிளேடும் வெண்ணெய்போலச் சுற்றியிருக்கும்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார். பொத்தான் இல்லாத சட்டைக் கை. ஒரு வாரமாக வேண்டுமென்றேதான் தைக்காமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கத்தினால் கத்தட்டும் என்று நின்றேன். ஆறு மாதத்துப் பேச்சும் தொண்டையில் தயாராக இருந்தது.

மகள் ஓடி வந்தாள். "என்னாச்சு அத்தை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தார். தட்டைக் காலால் மெல்லச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினார்.

"ஒரே எண்ணெய்ம்மா. அப்பா இன்னிக்கு ஓட்ட முடியாது."

என் தோளில் கிடந்த துணியை இழுத்து, சுத்தமாக இருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.