மேட்டில் நின்ற வேன்

"இந்தக் கெட்டிலுக்கா இவ்வளவு விலை? போடா டேய்!" குண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

புரோக்கருக்குச் சுர்ரென்று ஏறியது. பழைய வண்டி வாங்கி விற்றே ஆளானவன். குண்டு கூடப் படித்தவன் என்றாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

கெட்டில் என்பது புரோக்கருடைய அப்பாவின் வேன். இவர்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன வேன். மேட்டுச்சாலையில் பாதி ஏறியதும் நின்றுவிடும். "ரேடியேட்டர் கொதிக்குது, இறங்குங்க பசங்களா" என்பார் அப்பா. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். "கெட்டில்! கெட்டில்!" என்று மொத்தக் கூட்டமும் கூவும்.

சிலுசிலுவென்று காற்று. புல்லில் உருண்டு புரண்ட சட்டைகள். இப்போது நினைத்தாலும் இனிக்கத்தான் செய்கிறது.

ஆனால் மானம் போனது அவனுக்கல்லவா? உருப்படியாய் ஒரு வண்டி வைத்துக்கொள்ளத் துப்பில்லாத மனுஷன் என்று அப்பா மேல் விழுந்த கசப்பு, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் போகவில்லை. அந்த வேனை அவன் தொட்டதே இல்லை.

"ஓரமா கிடந்துட்டுப் போகட்டும்டா, விக்காதே" என்று அம்மா கெஞ்சியும் கேட்கவில்லை.

"தினமும் கொதிச்ச இன்ஜின். உள்ளே எல்லாம் வெந்திருக்கும். பழைய இரும்பு விலைதான் தருவேன்" என்றான் குண்டு.

"யார்கிட்ட கதை விடறே?" பானட்டைத் தூக்கினான் புரோக்கர். மூலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. "இது எதுக்கு, தெரியுமா? சூடானா ரேடியேட்டர்ல இருக்கற கூலன்ட் தண்ணி பெருகி இதுக்குள்ள வரும். ஆறினதும் ரேடியேட்டரே திரும்ப உறிஞ்சிக்கும். கொதிச்சாத்தான் டப்பா கொள்ளாம வெளியே வழியும். தினமும் வழிஞ்சிருந்தா சுத்தியும் கறை அப்பியிருக்கணுமே? காட்டு பார்ப்போம்! இன்ஜினைப் பிரிச்ச அடையாளம்கூட இல்ல. ஒருநாளும் கொதிச்ச வண்டி இல்லடா இது!"

குண்டு குனிந்து டப்பாவைச் சுற்றித் தடவிப் பார்த்தான். "சரிப்பா, நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

ஜெயித்தவன் அப்படியே நின்றான். தான் சொன்னது அப்போதுதான் அவன் காதிலேயே விழுந்தது.

"அம்மா... கொதிக்காத வண்டியை அப்பா ஏன் தினமும் நிறுத்தினார்?"

வாசலில் நின்ற அம்மா தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னாரே..."

"சொல்லும்மா."

"அந்த வளைவெல்லாம் ஏறும்போது ஒரு பிள்ளைக்கு வயித்தைப் புரட்டும். ஒண்ணாங்கிளாஸ்ல ஒருநாள் வேன்லயே வாந்தி எடுத்துட்டான். பசங்க ஓட்டின ஓட்டுல, இனிமே பள்ளிக்கூடமே போகமாட்டேன்னு ஒரே அழுகை. 'சின்னப் பிள்ளையை ஏன் கேலி பண்ணணும்? என் வண்டியைப் பண்ணிட்டுப் போகட்டும்'னார் உங்கப்பா."

"யாரும்மா? இந்தக் குண்டுவா?"

"கண்ணாடியில உன் முகம் வெளுக்கறதைப் பார்த்தாலே பிரேக்கைப் போட்டுடுவார்டா."