கோமுவுக்கு ஒரு கேக்

கேக் எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் ஓவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்கவில்லை. திறப்பாளா? பேக்கரி வகுப்பில் முதல் மாணவி. பாதியில் ஓவனைத் திறந்தால் கேக் அமுங்கிப்போகும் என்பது அங்கே எல்லோருக்கும் முதல் வாரப் பாடம்.

கோமு திறந்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

போன மாதம், மதுரையில், கல்லூரிச் செய்முறைத் தேர்வில். சங்கரன்கோவில்காரி சங்கரகோமதி, எல்லோருக்கும் கோமு, பொறுக்கமாட்டாமல் ஓவனைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கேக் நடுவில் பொதுக்கென்று உள்ளே போனது.

பக்கத்தில் நின்ற அவள் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே.

படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கீழே ஒரு வரியும் எழுதினாள்: ‘சங்கரன்கோவிலுக்குக் கிணறு வெட்டியாச்சு.’

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. செஃப்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து கோமுவுக்குக் கிணறு என்றே பேர் விழுந்தது.

கோமு சண்டை போடவில்லை. மறுநாள் ஏப்ரனையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் ஒரே மேசையில் அவளோடு மாவு பிசைந்தவள்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டுக்குத்தானே போட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதுவும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோமுவின் பிறந்தநாள். கோமுவும் கூட்டாளிகளுமாக ஐந்து பேர் கொடைக்கானல் கிளம்பினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத் தொற்றிக்கொண்டாள். க்ரீம் வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கியபடி மலை ஏறினாள். தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் கெஞ்சி ஓவனை வாங்கினாள். மற்றவர்கள் படகு விடப் போயிருந்தார்கள்.

கேக்கைக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்க அவளுக்குத் தெரியாது.

கேக் டின்னின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. இவ்வளவு சீக்கிரமா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நடு உச்சி லேசாக நடுங்கியது.

பொதுக்.

கதவு மூடியேதான் இருந்தது.

மலை.

மலையில் காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரைக் குறைக்காவிட்டால் கேக் அவசரமாகப் பொங்கி அமுங்கிவிடும். செஃப் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்கி இந்தப் பதிலைச் சொன்னவள் சாட்சாத் இவளேதான். பதில் மதுரையிலேயே தங்கிவிட்டது. இங்கே கை வழக்கம்போல அள்ளிப் போட்டிருந்தது.

இன்னொன்று செய்ய முட்டை இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

டின்னைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

ஆல்வின்தான் முதலில் பார்த்தான். சீட்டியடித்தான். நஸீரா போனை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள்.

ஆனால் யாரும் அமுக்கவில்லை. எல்லோரும் கோமுவைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தப் படத்தை எடுக்கும் முறை யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. எடுக்கட்டும், என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், அதற்குப் பிறகாவது பேசட்டும் என்று நினைத்தாள்.

கோமு கிட்டே வந்தாள். தலையில் கம்பளிக் குல்லா. ஒரு கையில் பிளம்ஸ் பை, இன்னொரு கையில் போன். குழியை எட்டிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

டின்னை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டாள். சூட்டில் க்ரீம் வைத்தால் உருகும். மலைக்காற்று உள்ளே வந்தது. அது ஆறும்வரை பிளம்ஸைக் கழுவினாள், கொட்டை நீக்கி நறுக்கினாள். அவள் பக்கத்தில் நின்று, ஏதாவது செய்ய வேண்டுமே என்று க்ரீமை அடித்தாள்.

போன்கள் காத்திருந்தன.

கோமு நிமிராமல் கையை நீட்டினாள். என்ன வேண்டும் என்று சொல்லவில்லை.

அவள் அந்தக் கையில் க்ரீம் பரப்பும் கத்தியை வைத்தாள். அதுதான் வேண்டியிருந்தது.

குழியில் க்ரீம் இறங்கியது. இன்னும் இறங்கியது. கிண்ணம் காலியானபோது மேடும் பள்ளமும் ஒன்றாகியிருந்தன. மேலே பிளம்ஸ் துண்டுகளை வட்டமாக அடுக்கிவிட்டுக் கோமு ஓர் அடி தள்ளி நின்றாள்.

“இப்பம் எடுங்க.”

எடுத்தார்கள். குழுவிலும் போட்டார்கள். நல்ல படம்.

பிறகு மெழுகுவர்த்தி, பாட்டு, கத்தி. முதல் துண்டை யாருக்கு ஊட்டுவது என்பதுதான் அவர்கள் கூட்டத்தில் பெரிய விஷயம். போன வருடம் கோமு யோசிக்காமல் அவள் பக்கம் திரும்பினாள். இந்த வருடம் நஸீரா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

கோமு நடுவிலிருந்து வெட்டினாள். முக்கால்வாசி க்ரீம், அடியில் கொஞ்சம் கேக்.

துண்டு நஸீராவைத் தாண்டி வந்தது.

அவள் முன்னால் வந்து நின்றது. மாதம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்த மன்னிப்பு உதடு வரை வந்துவிட்டது.

சொல்ல வாயைத் திறந்தாள்.

கோமு அதற்குள் கேக்கை வைத்து அடைத்துவிட்டாள்.