இரண்டு வேளைத் தண்ணீர்

தங்கை வீட்டுக் காதுகுத்துக்குக் கணவர் முனிரத்தினம் வராத கோபத்தில், கோமளா பத்து நாளாக அவரிடம் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஓசூரில் இருந்த, கணினி பராமரிக்கும் தங்கள் பேசும் பசுமைக்குடிலிடம் மட்டும் இருவரும் பேசினார்கள். சொன்னதையெல்லாம் அது செய்தது.

பதினோராம் நாள் காலையில் அறுநூறு தக்காளிச் செடிகளிலும் அடியிலைகள் சுருண்டிருந்தன. வைரஸ் என்று பயந்த முனிரத்தினம், செடிகளைப் பிடுங்கக் குனிந்தார்.

"பொறுங்கண்ணா," என்றது குடில். "வைரஸப் பரப்புற வெள்ளை ஈ ஒண்ணுகூட இல்ல. இலையும் பச்சையாத்தான் இருக்கு. தண்ணிதான் அதிகமாயிடுச்சு."

"காலையில ஒரு வேளைதானே விடச் சொன்னேன்?"

"அக்கா சாயங்காலம் ஒரு வேளை விடச் சொன்னாங்க."

அப்போதுதான் உள்ளே வந்த கோமளா திகைத்து நின்றாள். "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க ரெண்டு பேருமே, 'அங்க போய்ச் சொல்லாத'ன்னீங்க. இன்னிக்குச் செடியையே பிடுங்கப் போனாரு, அதான் சொல்லிட்டேன்."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோமளா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நீங்க தண்ணி விடச் சொல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் அவரிடம்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மண் காயும்வரை தண்ணீரை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் புதுத் தளிர்கள் சுருளாமல் விரிந்தன. அவற்றைப் பார்த்தபடி இருவரும் சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். குடில் குறுக்கே பேசவில்லை.