கார் கம்பெனி சைக்கிள்

“இந்த வண்டியை இன்னைக்குக் கடை மூடறதுக்குள்ள வித்துக் காட்டுங்க தம்பி. நாளையில இருந்து வேலை உங்களுக்கு” என்றாள் கடைக்காரம்மா.

அவள் காட்டியது கண்ணாடியோரம் நின்ற கறுப்பு சைக்கிள். உலகமே அறிந்த ஒரு கார் கம்பெனியின் முத்திரை அதன் முகப்பில் பளபளத்தது. அதன் விலையில், பக்கத்தில் நிற்கும் சைக்கிள்களில் மூன்று வாங்கிவிடலாம். நாலு வருஷமாக அது அதே இடத்தில்தான் நிற்கிறது.

வேலை கேட்டு வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு மாதத்தில் ஏழு கடை ஏறி இறங்கிவிட்டார், இது எட்டாவது. ‘அப்பா இன்னைக்கு நல்ல சேதியோட வருவேன்’ என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். கறுப்பு சைக்கிளை ஒரு கணம் பார்த்தார். கடவுளை நினைத்துக்கொண்டு, “சரிங்கக்கா” என்றார்.

நாலு மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவரின் கண் நேராக முத்திரையில் போய் ஒட்டிக்கொண்டது.

“இதைத்தான் சொன்னேன். பாரு, அந்தக் கார்ல இருக்கற அதே முத்திரை.”

“கார்ல ஆரம்பிச்சு, கடைசியில முத்திரையில வந்து நிக்கிறீங்க” என்றாள் மனைவி.

“ஆபீஸ் வாசல்ல இதுல போய் இறங்கினா, மேனேஜரே எழுந்து வந்து பார்ப்பாரு.”

“பார்த்துட்டு, இவருக்கு எதுக்குச் சம்பள உயர்வுன்னு நிறுத்திடப் போறாரு.”

கணவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பர்ஸிலிருந்து கார்டை எடுத்துவிட்டார். “இதையே பில் போடுங்க.”

வேலை கேட்டு வந்தவர் தலையை ஆட்டினால் போதும். வேலை கையில் இருக்கும். ஆனால் அவர், “ஒரு நிமிஷம் சார். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?” என்றார்.

“ஆபீஸுக்குப் போக வர பன்னெண்டு கிலோமீட்டர்.”

“அப்ப இது வேண்டாம் சார்.”

பெட்டியில் பெல்களை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரம்மாவின் கை நின்றது.

“ஏன், மோசமான வண்டியா?”

“அப்படிச் சொன்னா பாவம். நல்ல வண்டிதான். ஆனா இதைக் கார் கம்பெனி செய்யலை. ஏதோ ஒரு சைக்கிள் பேக்டரி செஞ்சு, அவங்க பேரைப் போட்டு அனுப்பியிருக்கு. ஒரு கையால இதைத் தூக்கிப் பாருங்க. இப்ப அந்தப் பச்சையைத் தூக்குங்க.”

தூக்கினார். “பச்சை லேசா இருக்கே.”

“ரெண்டுலயும் கியரும் பிரேக்கும் ஒரே மாதிரிதான். ஆனா கறுப்புல சீட்டைத் தாங்கற குழாயைப் பாருங்க. வட்டமா இல்லை, அழகுக்காகச் சப்பையா செஞ்சிருக்காங்க. அது போச்சுன்னா வேற எதுவும் பொருந்தாது. கம்பெனிக்குச் சொல்லிட்டுக் காத்துக் கிடக்கணும். அதுவரைக்கும் நீங்க பஸ்ல போவீங்க, இது வீட்டுல ராஜா மாதிரி நிக்கும்.”

“வீட்டுல ஒரு ராஜாவே எனக்குத் தாங்கலை” என்றாள் மனைவி.

கணவர் விடவில்லை. “பேர் பெத்த வண்டி. திரும்ப வித்தா நல்ல விலை வருமே?”

“வராது சார். பழைய வண்டி வாங்கறவன் கியரைப் பார்ப்பான், பிரேக்கைப் பார்ப்பான். முத்திரைக்குன்னு பத்துக் காசு சேர்த்துத் தர மாட்டான். அதுவும் ஊருக்கே ஒண்ணுதான் இருக்கற வண்டின்னா, யாரோடதுன்னு கேட்டுட்டு நகர்ந்துடுவான்.”

“இவ்வளவு விவரம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” மனைவி கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். “பழைய வண்டி நிறைய கைமாத்தி விட்டிருக்கேம்மா.”

பச்சை சைக்கிள் விலைபோனது. கணவரின் உயரத்துக்கு சீட்டை ஏற்றி, பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்து, வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார். கணவர் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“வேணும்னா அந்த முத்திரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. மேனேஜருக்கு அனுப்பிடலாம்” என்று மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

வேலை கேட்டு வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு தன் பையை எடுத்தார்.

“மன்னிச்சிடுங்கக்கா. தலையாட்டியிருந்தா வித்துப்போயிருக்கும். மனசு வரலை.”

“தலையாட்டியிருந்தா இதைக் கொடுத்திருக்க மாட்டேன்” என்று கடைச் சாவியை மேஜையில் வைத்தாள் அவள். “காலையில ஒன்பது மணிக்கு நீங்களே வந்து திறந்துடுங்க.”

சாவியை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இருந்தும் சொல்லிவிட்டார்.

“அக்கா, இதை வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மத்த ஏழு கடையிலயும் இதைச் சொன்னதுமே அனுப்பிட்டாங்க. நான் ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன். சைக்கிள் திருட்டு. அதுலயும்...”

“தெரியும்” என்று சாவியை அவர் பக்கம் தள்ளினாள் அவள். “கோர்ட்ல உங்களுக்குப் பின்னாடி பெஞ்சுலதான் நான் உட்கார்ந்திருந்தேன். நீங்கதான் தலையை நிமிர்த்தவே இல்லை.”

அவர் இப்போதும் நிமிரவில்லை.

“இந்தக் கடையில இருந்து பதினோரு வண்டியை வேன்ல ஏத்திட்டு, இந்தக் கறுப்பை மட்டும் வேண்டாம்னு விட்டுட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் இந்த மாதிரி வண்டி ஒண்ணுகூட நான் வாங்கிப் போடலை தம்பி.”