செவ்வாய்க்கிழமை விலை

ஃபைலும் கண்ணாடியுமாக அந்த மனிதர் தெருமுனையில் திரும்பியதுமே, கடைக்காரர் விலைப்பலகையை அவசர அவசரமாக அழித்து எழுதினார்.

அறுபதுக்கு விற்ற வெங்காயம் கண்ணெதிரே முப்பத்தெட்டுக்கு இறங்கியது. சர்க்கரை இறங்கியது. உருளைக்கிழங்கு, பாவம், பாதியாகிவிட்டது.

விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு முன் சட்டம் போட்டது. பத்துப் பொருட்களுக்கு அரசு சொன்னதுதான் விலை. மீறினால் கடைக்குச் சீல். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போக, செவ்வாய்தோறும் இந்த அதிகாரி.

எங்கள் தெருவில் அந்தச் சட்டம் அவர் கடைக்குள் இருக்கிற வரைக்கும் அமலில் இருக்கும். சுமார் கால் மணி நேரம்.

அதை இழுத்தடிப்பது பெண்கள் பொறுப்பு. தையல்காரி நாற்காலி போடுவாள். நர்ஸக்கா தண்ணீர் கொடுத்து, அவர் பிள்ளைகளின் படிப்பை வகுப்பு வாரியாக விசாரிப்பாள். அதற்குள் மற்றவர்கள் பைகளை நிரப்பிக்கொள்வோம்.

அன்று பார்த்து எனக்கு நேரமாகிவிட்டது. வாடகையை ஏற்றப்போவதைச் சொல்ல வந்த வீட்டு ஓனர், சொல்லிவிட்டும் போகாமல் வாசலிலேயே நின்று ஊர்க்கதை பேசினார்.

ஓடி வந்தபோது வரிசையில் கடைசி ஆள் நான்தான். புது வாடகை போக மிஞ்சுவதில் இந்தச் செவ்வாய்க்கிழமை விலைதான் எனக்குக் கட்டுப்படியாகும். இன்று விட்டால், வாரம் முழுக்க வெங்காய வாசனையைப் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே அதிகாரி எழுந்தார். ஃபைலை மூடினார்.

அந்த இருவரும் வாங்கிக்கொண்டு போய், என் முறை வந்ததும் வெங்காயம் தீர்ந்தது. கடைக்காரர் புது மூட்டை எடுக்கப் பின்பக்கம் போனார். மற்றப் பெண்கள் ஏற்கெனவே பை நிறைந்து கிளம்பியிருந்தார்கள்; கடையில் நானும், வாசலை நோக்கி நகர்ந்த அதிகாரியும் மட்டும்.

எப்படியாவது இந்த ஆளை நிறுத்த வேண்டும். வாசலை மறித்துக்கொண்டு, தராசு சரியில்லை என்று புகார் சொன்னேன். தராசு ஒரு தப்பும் செய்யவில்லை என்பது எனக்கே தெரியும்.

பார்க்கலாம் என்று மழுப்பினார். பார்க்கலாமெல்லாம் வேண்டாம், இப்போதே எழுதி நம்பர் போட்டுக் கொடுங்கள் என்று பிடித்த பிடியில் நின்றேன். அவர் பின்வாங்கப் பின்வாங்க எனக்குத் துணிச்சல் ஏறி, ஃபைலை நானே வாங்கித் திறந்துவிட்டேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. நகரில் விலைகள் கட்டுக்குள் வந்துவிட்டபடியால், விலை ஆய்வாளர் பணியிடங்கள் அனைத்தும் ரத்து செய்யப்படுகின்றன.

தாளுக்கு அடியில் மடித்து வைத்த துணிப்பை.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வெல கொறஞ்சிடுச்சுன்னு வாராவாரம் எழுதிக் குடுத்ததே நான்தாம்மா. போர்டுல இருந்ததத்தானே எழுத முடியும்? இப்ப எனக்கும் இந்த வெலைக்கு வாங்கினாத்தான் வீட்டுல அடுப்பு எரியுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இவர் மாட்டினால் தெருவுக்கே இந்த விலை போய்விடும்.

கடைக்காரர் மூட்டையோடு வந்துவிட்டார். ஃபைல் என் கையில் இருப்பதைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. இந்த வாரத்துலேர்ந்து எண்ணெயையும் லிஸ்ட்ல சேத்துட்டாங்களாம். சார் அதத்தான் காட்டிட்டு இருந்தாரு."

கடைக்காரர் மூட்டையைத் தொப்பென்று போட்டார். அரசாங்கத்தை ஒரு வார்த்தை திட்டிவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். எண்ணெய்க்கு என்ன விலை போட வேண்டும் என்று அதிகாரியிடம் பணிவாகக் கேட்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார்.